ஒலிபெருக்கி ஒப்புருவாக்கம்

ஒலிபெருக்கி ஒப்புருவாக்கம் என்பது, மின் கிதாரின் ஒலிபெருக்கிப் பெட்டியும் அதன் முன் வைக்கப்படும் ஒலிவாங்கியும் ஓசைக்குத் தரும் தன்மையை மின்சுற்று அல்லது மென்பொருள் மூலம் உருவாக்கும் நுட்பம் ஆகும். பெட்டியின்றிப் பதிவு செய்யவும், ஹெட்போனில் பயிற்சி செய்யவும் இது பயன்படுகிறது.

தேவை

பாடல் கேட்பதற்கான ஒலிபெருக்கி, தனக்கு வரும் குறிப்பலையை மாற்றாமல் ஒலிக்க முயல்கிறது. கிதார் ஒலிபெருக்கி அத்தகையதன்று. இது பெரும்பாலும் 12 அங்குல விட்டமுள்ள ஒற்றைக் கூம்பைக் கொண்டது. உயர் அதிர்வெண்களுக்கான ட்வீட்டர் இதில் இராது. எனவே ஏறத்தாழ 5,000 எர்ட்சுக்கு மேல் இதன் வெளியீடு விரைவாகக் குறைகிறது.

டிஸ்டார்ஷன் விளைவு குறிப்பலையில் ஏராளமான உயர் அதிர்வெண்களைச் சேர்க்கிறது. அவை வடிகட்டப்படாவிடில் வண்டின் இரைச்சல் போன்ற ஓசையே கேட்கும். ஆகவே இவ்வொலிபெருக்கியை இசைக்கருவியின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

முறைகள்

* வடிகட்டிச் சுற்று: தொடரிசை (அனலாக்) வடிகட்டிகள் மூலம் ஒலிபெருக்கியின் அதிர்வெண் வளைவு தோராயமாக உருவாக்கப்படுகிறது. 1982 இல் டாம் சோல்ஸ் வெளியிட்ட ராக்மேன், 1989 இல் வெளியான சான்ஸ்ஆம்ப் ஆகியன இவ்வகையின.
* கணத்தாக்க மறுமொழி: மிகக் குறுகிய துடிப்பு ஒன்றுக்குப் பெட்டியும் ஒலிவாங்கியும் தரும் மறுமொழி எண்களாகச் சேமிக்கப்பட்டு, கன்வலூஷன் எனும் கணிதச் செயல் மூலம் கிதார் ஓசையுடன் இணைக்கப்படுகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எனில், 2,048 மாதிரிகள் கொண்ட கோப்பு ஏறத்தாழ 43 மில்லிநொடி நீளமுடையது. ஒரு கோப்பு ஓர் ஒலிவாங்கி நிலையை மட்டுமே காட்டும். உரத்து வாசிக்கும்போது கூம்பில் ஏற்படும் உருக்குலைவு இதில் பதிவாகாது.

சமனாக்கியின் இடம்

ஈக்குவலைசர் என்று பரவலாக அறியப்படும் சமனாக்கி, தேர்ந்தெடுத்த அதிர்வெண்களை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்கிறது. டிஸ்டார்ஷனுக்கு முன் வைத்தால், எந்த அதிர்வெண்கள் மிகுதியாக உருக்குலையும் என்பதை அது தீர்மானிக்கும். அங்கு தாழ் அதிர்வெண்களைக் குறைத்தால் ஓசை குழம்பாமல் தெளிவாகும். பின் வைத்தால், உருவான ஓசையின் நிறம் மட்டுமே மாறும்.

கணத்தாக்க மறுமொழி, சமனாக்கி இரண்டும் நேரியல் அமைப்புகள். ஆதலால் அவை அடுத்தடுத்து இருக்கையில் வரிசையை மாற்றினாலும் விளைவு மாறாது.

பேஸ் கிதார்

வழமையான சுருதியில் கிதாரின் தாழ்ந்த கம்பி ஏறத்தாழ 82 எர்ட்சிலும், நான்கு கம்பி பேஸ் கிதாரின் தாழ்ந்த கம்பி 41 எர்ட்சிலும் அதிர்கின்றன. கிதார் பெட்டியின் ஒப்புருவாக்கம் பேஸின் அடித்தளத்தை வலுவிழக்கச் செய்யலாம். எனவே குறிப்பலையை இரண்டாகப் பிரித்து, தாழ்பகுதியைத் தூய்மையாக விட்டு, மேற்பகுதிக்கு மட்டும் டிஸ்டார்ஷனும் ஒப்புருவாக்கமும் தருவதுண்டு. இரு பாதைகளுக்கிடையே காலத் தாமதம் இருந்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

பாதுகாப்பு

வெற்றிடக்குழல் பெருக்கியை ஒலிபெருக்கியோ அதற்கு ஈடான மின்சுமையோ இணைக்காமல் இயக்கினால் அதன் வெளியீட்டு மின்மாற்றி பழுதடையக்கூடும். ஒப்புருவாக்கக் கருவிகள் அனைத்திலும் இச்சுமை அமைந்திருப்பதில்லை. பெருக்கியின் ஒலிபெருக்கி வெளியீட்டைப் பதிவுக் கருவியில் நேரடியாக இணைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.