குழாய் அடைப்புக்கு ரசாயனமா? ஊற்றுமுன் சற்று நில்லுங்கள்

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெய்ச் சட்டியைக் கழுவி முடித்த சில நாள்களில், பல வீடுகளில் ஒரு சிக்கல் தலைகாட்டும். சமையலறைக் கழுவுதொட்டியில் தண்ணீர் இறங்க மறுக்கும். குளியலறைத் தரையிலோ, தலைமுடியும் சவர்க்காரப் படிவும் சேர்ந்து நீரைத் தேக்கி வைக்கும். உடனே பேரங்காடிக்கு ஓடி, சில வெள்ளிக்கு அடைப்பு நீக்கும் ரசாயனத்தை வாங்கி வருகிறோம். ஊற்றினால் போதும், வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

ஆனால், வீட்டில் நாம் வைத்திருக்கும் பொருள்களிலேயே மிகவும் கடுமையானவற்றுள் அதுவும் ஒன்று.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது?

கடைகளில் கிடைக்கும் அடைப்பு நீக்கிகளில் பெரும்பாலானவற்றின் முக்கியப் பொருள் சோடியம் ஹைட்ராக்சைடு. காஸ்டிக் சோடா என்றால் பலருக்கும் தெரியும். இது எண்ணெய்ப் பசையைச் சவர்க்காரமாக மாற்றிக் கரைக்கிறது. தலைமுடியில் உள்ள புரதத்தையும் சிதைக்கிறது. நம் தோலும் கண்ணும் கொழுப்பாலும் புரதத்தாலும் ஆனவைதாம். குழாயில் செய்யும் வேலையை அது நம் உடலிலும் செய்யும்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எவ்வளவு ஆபத்து என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். அதுவும் காரப் பொருள்தான். காஸ்டிக் சோடா அதைவிடக் கடுமையானது. காரம் திசுக்களைக் கரைத்துக்கொண்டே ஆழமாக ஊடுருவும். தோலில் பட்ட உடனே வலி தெரியாமலும் போகலாம். வழுவழுப்பாக இருக்கிறது என்று அலட்சியமாகத் துடைத்துவிட்டுப் போகும் நேரத்தில், உள்ளே புண் உருவாகிக்கொண்டிருக்கும்.

சில வகைகளில் கந்தக அமிலம் இருக்கும். அவை தொழில்முறைப் பணியாளர்களுக்கானவை. வீட்டில் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பெரும்பாலும் எங்கே தவறு நேர்கிறது?

முதலாவது, கலப்பது. ஒன்று வேலை செய்யவில்லை என்றதும் இன்னொன்றை ஊற்றுகிறோம். காரமும் அமிலமும் சேர்ந்தால் கடும் வெப்பம் கிளம்பி, கொதிக்கும் கலவை மேலே பீறிடும். துணி வெளுக்கும் குளோராக்ஸ் போன்ற திரவத்துடன் கழிப்பறை கழுவும் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு உருவாகும். முதல் உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட வாயு அது. வீவக வீட்டின் சிறிய குளியலறையில், கதவை மூடிக்கொண்டு இந்தத் தவற்றைச் செய்தால் மூச்சுத் திணற அதிக நேரம் ஆகாது.

இரண்டாவது, சுடுநீர். காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போதே கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடாகக்கூடும். அதன்மேல் சுடுநீரை ஊற்றினால் திரவம் முகத்தை நோக்கித் தெறிக்கும். பல வீடுகளில் உள்ள பிவிசி குழாய்களும் அதிக வெப்பத்தில் இளகி வளையும்.

மூன்றாவது, ரசாயனம் ஊற்றிய பிறகு ரப்பர்க் கிண்ணம் பொருத்திய கம்பால் குத்துவது. அடைப்பு விலகாதபோது, ஊற்றியது அத்தனையும் அங்கேயேதான் தேங்கி நிற்கும். ஒரு குத்துக் குத்தினால் அது கண்ணுக்கு வரும். பழுதுபார்ப்பவரை அழைத்தால், என்ன ஊற்றினீர்கள், எப்போது ஊற்றினீர்கள் என்பதை அவர் கருவியை எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அவருடைய கண்கள் உங்கள் வார்த்தையை நம்பியிருக்கின்றன.

முதலில் எளிய வழிகள்

தொட்டிக்கு அடியில் உள்ள வளைவுக் குழாயைப் பல வீடுகளில் கையாலேயே திருகிக் கழற்றலாம். கீழே ஒரு வாளியை வைத்துக்கொண்டு கழற்றிக் கழுவினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். குளியலறைத் தரை வடிகாலின் மூடியைத் திறந்து, கையுறை அணிந்து முடியை அள்ளி எடுக்கலாம். ரசாயனம் எதுவும் ஊற்றாத நிலையில், ரப்பர்க் கிண்ணக் கம்பு நன்றாகவே வேலை செய்யும். முடியை இழுத்தெடுக்கும் பல் வைத்த நீண்ட பிளாஸ்டிக் பட்டைகளும் மலிவாகக் கிடைக்கின்றன.

கழுவுதொட்டி, குளியலறை, கழிப்பறை எல்லாம் ஒரே நேரத்தில் அடைத்துக்கொண்டாலோ, கழிவுநீர் மேலெழும்பி வந்தாலோ, சிக்கல் பொதுக் குழாயில் இருக்கலாம். அப்போது எத்தனை போத்தல் ஊற்றினாலும் பயனில்லை. நகர மன்றத்திடம் தெரிவியுங்கள்.

ஊற்றித்தான் ஆகவேண்டும் என்றால்

• சிட்டையில் உள்ள வழிமுறையை முழுதாகப் படியுங்கள். அளவையும் நேரத்தையும் மீறாதீர்கள். கூடுதலாகப் போட்டால், கரையாத தூள் குழாய்க்குள்ளேயே கல்லாக இறுகிவிடும்.

• ரப்பர்க் கையுறை, கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, நீளக்கைச் சட்டை, மூடிய காலணி அணியுங்கள். சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது.

• சன்னலைத் திறந்து, காற்றோட்டம் இருக்கச் செய்யுங்கள். பிள்ளைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அப்பால் அனுப்புங்கள்.

• அலுமினியச் சட்டி, இட்லித் தட்டுகளைத் தொட்டியிலிருந்து அகற்றுங்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும்.

• முகத்தை வடிகாலுக்கு நேரே நீட்டாமல், மெதுவாக ஊற்றுங்கள். குறிப்பிட்ட நேரத்திற்குப் பிறகு நிறையக் குளிர்ந்த நீரை விடுங்கள்.

• ஒருமுறை பலன் தராவிட்டால் அத்துடன் நிறுத்திப் பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.

யார் கையில் கொடுக்கிறோம்?

பல குடும்பங்களில் இந்த வேலை இல்லப் பணிப்பெண்ணிடமோ, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோரிடமோ போகிறது. எச்சரிக்கை வாசகங்களோ ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கின்றன. படிக்க முடியாதவர் கையில் போத்தலைக் கொடுத்துவிட்டு நாம் வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி, கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுப்பது நம் கடமை. அதற்கு நேரமில்லை என்றால், வார இறுதியில் நாமே செய்யலாம்.

மிச்சத்தைத் தண்ணீர்ப் போத்தலிலோ பழைய ஹார்லிக்ஸ் போத்தலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. சின்னஞ்சிறு பிள்ளைக்குப் போத்தல் என்றால் குடிப்பதற்கு, வெள்ளை மணி என்றால் கற்கண்டு. வாங்கிய உறையிலேயே வைத்து, எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

பட்டுவிட்டால்

தோலில் பட்டால், நனைந்த ஆடையைக் களைந்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். தூளாக இருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால், இமையைத் திறந்து பிடித்து அதேபோல் 20 நிமிடம் கழுவிக்கொண்டே உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். கண்வில்லை அணிந்திருந்தால், கழுவும்போதே அகற்றிவிடுங்கள்.

காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சைச் சாறோ வினிகரோ தடவாதீர்கள். அது மேலும் சூட்டைக் கிளப்பும். விழுங்கிவிட்டால் வாயைக் கொப்புளிக்கச் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஏனெனில் மேலே வரும்போது அது உணவுக்குழாயை மறுபடியும் எரிக்கும். உடனே 995ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது போத்தலையோ அதன் படத்தையோ கொண்டு செல்லுங்கள்.

அடைப்பே வராமல் இருக்க

பலகாரம் சுட்ட எண்ணெய் ஆறியதும் பழைய போத்தலில் ஊற்றி, இறுக மூடிக் குப்பையில் போடுங்கள். சட்டியைக் கழுவுமுன் காகிதத்தால் துடைத்தெடுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், தலைமுடியுடன் சேர்ந்து குழாய்க்குள் எளிதில் படியும். சோற்றுப் பருக்கையையும் தாளித்த கறிவேப்பிலையையும் பிடித்துவைக்க ஒரு வலைமூடி போதும். குளியலறை வடிகாலுக்கும் ஒன்று போட்டு, வாரம் ஒருமுறை முடியை எடுத்துவிட்டால், காஸ்டிக் சோடா வாங்கவேண்டிய தேவை வெகுவாகக் குறைந்துவிடும்.