அரிவாள் வடிவில் ஓர் அல்லீல்

கென்யாவில் வளர்ந்த மருத்துவ மாணவர் அந்தோனி அலிசன் 1949ஆம் ஆண்டு அந்நாட்டு மக்களின் குருதியைச் சோதித்தார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் ஐவரில் ஒருவருக்கும் மேலானோரிடம் கதிர் அரிவாள் அல்லீல் காணப்பட்டது. இடைப்பட்ட உயர்நிலங்களிலோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. உயிரைப் பறிக்கும் நோயைத் தரும் அல்லீல் ஓரிடத்தில் மட்டும் இத்துணை பெருகியது எவ்வாறு?

ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களே அல்லீல்கள். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டினைப் பெறுகிறோம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில், ஆறாம் இடத்திலுள்ள குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின் அமைந்தால், ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாளாய் வளைகிறது. இவ்வல்லீல் இரண்டினைப் பெற்றவர் நோயுறுவர். ஒன்று மட்டும் பெற்றவர் கடத்தி. அவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார்.

நூறு பேர் கொண்ட ஓர் இனக்கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். அதில் அல்லீல்கள் 200. கடத்திகள் 18 பேர், நோயுற்றவர் ஒருவர், ஏனையோர் 81 பேர் எனில், அரிவாள் அல்லீல்கள் 18உம் 2உம் சேர்ந்து 20. இருநூறில் இருபது, அதாவது 0.1 என்பதே அதன் நிகழ்வெண். இனக்கூட்டம் பெரிதாய் இருந்து, தேர்வோ இடப்பெயர்வோ சடுதிமாற்றமோ குறுக்கிடாமல், மணவுறவும் தற்செயலாய் அமைந்தால் இவ்வெண் தலைமுறைதோறும் மாறாது என்று ஹார்டியும் வீன்பெர்க்கும் 1908இல் தனித்தனியே நிறுவினர். மாறியிருப்பின், குறுக்கிட்டது எது என்று தேட வேண்டும்.

அலிசன் தேடிக் கண்டது மலேரியா. கொசு மிகுந்த தாழ்நிலங்களில் கடத்திகளான குழந்தைகள் கடும் மலேரியாவிலிருந்து பெரிதும் தப்பினர் என்பதை 1954இல் அவர் வெளியிட்டார். கொசு அரிதான மேட்டுநிலத்தில் அதே அல்லீலுக்கு இழப்பு உண்டு, பயனில்லை.

இது தொலைதூரச் செய்தியன்று. நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் இவ்வல்லீல் இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இலேயே அறிவித்தனர்.

மலேரியா ஒழிந்தால் இவ்வல்லீலும் விரைவில் மறையுமா? மாணவர் பலர் தடுமாறும் இடம் இது. முன் கண்ட இருபதில் நோயுற்றவரிடம் இருப்பவை இரண்டே. அவர் மகப்பேறின்றி மறைந்தாலும், எஞ்சிய பதினெட்டும் நலமுள்ள கடத்திகளிடம் மறைந்து அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. கடத்திகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தையும் நோயுறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தோற்றத்தால் அறிய இயலாத இதனை ஓர் எளிய குருதிச் சோதனை காட்டிவிடும். பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிக்கும் தேசிய இயக்கம் 2023இல் தொடங்கப்பட்டது இதன் பொருட்டே.