குழு இல்லாத இடத்தில் ஐரோப்பிய வரலாற்று வாட்போர்க் கலை பயிலல்

ஐரோப்பிய வரலாற்றுத் தற்காப்புக் கலைகள் என்பவை, 14 ஆம் நூற்றாண்டு முதல் 19 ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் எழுதப்பட்ட போர்ப்பயிற்சி நூல்களைக் கொண்டு இன்று மீட்டெடுக்கப்பட்டு வரும் கலைகளாகும். இவை சுருக்கமாக ஹெமா எனப்படுகின்றன. நெடுவாள், வாளும் சிறுகேடயமும், ரேப்பியர், சேபர், குத்துவாள், மற்போர் ஆகியன இவற்றுள் அடங்கும். பயிற்சிக் குழுக்கள் பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகியவற்றின் நகரங்களிலேயே உள்ளன. அவற்றுக்கு வெகுதொலைவில் வாழ்பவர்கள் தனியாகவே தொடங்க வேண்டியுள்ளது.

அறுபட்ட மரபு

சுடுகலன்கள் பரவி, வாட்போர் விளையாட்டாக மாறியபோது நெடுவாள் போன்ற பழைய ஆயுதங்களின் பயிற்சி மறைந்தது. ஆசானிடமிருந்து மாணவருக்கு இடையறாது வந்த நெடுவாள் மரபு எதுவும் இன்று எஞ்சவில்லை. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகர்டன் காசில், ஆல்பிரட் ஹட்டன் ஆகியோர் இங்கிலாந்தில் இதை மீட்க முயன்றனர். அவர்களுக்குப் பின் அம்முயற்சி தளர்ந்தது. 1990களில் இணையத்தின் வழியே பழைய சுவடிகளின் படிகள் பரவிய பிறகே இன்றைய மறுமலர்ச்சி வேரூன்றியது. அன்று தொடங்கியவர்களுக்கும் ஆசான் இல்லை. கையில் ஒரு படியும் ஒரு தடியும் வைத்துக்கொண்டு படங்களைப் பார்த்து முயன்றவர்களே பலர். ஆகவே தனியாகத் தொடங்குபவர் இரண்டாந்தர வழியில் செல்பவர் அல்லர். ஆசிரியர்கள் படிக்கும் அதே நூல்களே அவருக்கும் மூலம்.

நூலைத் தேர்ந்தெடுத்தல்

இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது, 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஐ.33 என்னும் இலத்தீன் சுவடி. ஒரு பாதிரியார் மாணவர்களுக்கு வாளும் சிறுகேடயமும் கற்பிப்பதாக அமைந்த அதன் இறுதிப் பக்கங்களில் வால்பூர்கிஸ் என்னும் பெண்ணும் வாளேந்தி நிற்கிறாள். இத்தாலியரான ஃபியோரே தெய் லிபேரி 1410ஐ ஒட்டி எழுதிய நூல் மற்போர், குத்துவாள், நெடுவாள், குதிரைமேல் போர் என அனைத்தையும் ஒரே முறைமையாக இணைக்கிறது.

செருமானிய மரபின் முதல்வரான யோகன்னஸ் லீக்டெனாவரின் போதனை செய்யுள் வடிவில் உள்ளது. பிறர் எளிதில் அறியாதபடி வேண்டுமென்றே மறைபொருளாக அமைக்கப்பட்டது அது. செய்யுளை மட்டும் படித்து எவரும் வாள்வீச்சு கற்க முடியாது. சிக்முண்ட் ரிங்கெக் போன்ற 15 ஆம் நூற்றாண்டினரின் உரைகளோடு சேர்த்தே படிக்க வேண்டும். யோவாக்கிம் மேயர் 1570 இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் வெளியிட்ட நூலோ, மாணவருக்குப் படிப்படியாக விளக்கும் நோக்குடையது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை ஜெஃப்ரி ஃபோர்கெங் 2006 இல் வெளியிட்டார். விக்டெனாவர் என்னும் இணைய நூலகத்தில் பெரும்பாலான நூல்களின் படங்களையும் மொழிபெயர்ப்புகளையும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

எந்த நூலானாலும் தொடக்கத்தில் ஒன்றே போதும். ஃபியோரேயின் நிலையில் நின்று மேயரின் வெட்டை வீசுபவர் இரண்டையும் கற்பதில்லை.

தனிப்பயிற்சி

தனியே நன்றாகக் கற்கக்கூடியது கால்வைப்பு. வாளும் காலும் ஒன்றாக இயங்க வேண்டும் என்பது லீக்டெனாவர் மரபின் முதற்பாடங்களுள் ஒன்று. வலப்பக்கத்திலிருந்து வெட்டும்போது வலக்கால் முன்னே வராவிட்டால் வெட்டு குறுகிப் போகும்; உடலின் வலிமையும் அதில் சேராது. பார்க்க எளிது. ஆயினும் காலை முதலில் வைத்துவிட்டு வாளைப் பின்னர் வீசுவது தொடக்கநிலையினர் அனைவரிடமும் காணப்படும் பிழை. எதிராளி முன்னால் இருந்தால், அந்த நொடியில் தலை அடிபட்டிருக்கும். கைப்பேசியில் பதிவு செய்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் இப்பிழை தெளிவாகத் தெரியும்.

அடுத்து நிலைகள். ஓக்ஸ் என்னும் காளை, ப்ஃளூக் என்னும் ஏர், ஆல்பர் என்னும் மூடன், ஃபொம் டாக் என்னும் மேல்நிலை ஆகிய நான்கும் அடிப்படையானவை. ஒரு நிலையில் தொடங்கும் வெட்டு இன்னொரு நிலையில் முடிய வேண்டும். மேயரின் நூலில் இதற்கேற்ற படம் ஒன்று உள்ளது. எதிராளியின் உடலை நான்காகப் பிரித்து, 1 முதல் 4 வரையான எண்களை வெவ்வேறு வரிசையில் எழுதி, அவ்வரிசைப்படி வெட்டிப் பழகச் செய்கிறது அது.

நட்ட கம்பத்தை எதிராளியாகக் கொண்டு பழகுவது மிகப் பழைய முறை. உரோமப் படைவீரர்கள் இருமடங்கு எடையுள்ள மரவாளால் ஆறடிக் கம்பத்தைத் தாக்கிப் பயின்றதாக வெஜிடியஸ் எழுதியுள்ளார். கம்பம் தொலைவை ஓரளவு உணர்த்தும். உருண்டைத் தடியில் வாயும் புறமும் தெரியாது என்பதால், தட்டையான மரவாளோ நைலான் வாளோ வாங்குவது நல்லது. நெடுவாள் ஏறத்தாழ 120 முதல் 135 செ.மீ. வரை நீளமுள்ளது, கூரை மின்விசிறி உள்ள அறை அதற்கு ஏற்றதல்ல.

தனியே கற்க முடியாதவை

செருமானிய நூல்களில் ஃபியூலன் என்றொரு சொல் வரும். வாளோடு வாள் மோதி நிற்கையில் எதிராளியின் அழுத்தம் வலிதா மெலிதா என்பதைக் கைவழி உணர்வது அது. மரபின் பெரும்பகுதி இவ்வுணர்வின் மீதே எழுப்பப்பட்டுள்ளது. கம்பம் திருப்பி அழுத்துவதில்லை. அதுபோலவே எதிராளியின் வேகமும் ஏமாற்றும் தனிப்பயிற்சியில் கிடைப்பதில்லை. எனவே ஆர்வமுள்ள ஒரேயொரு நண்பர் கிடைத்தாலும் அது பெரும்பேறு. இருவரும் நூலின் ஓர் ஆட்டத்தை மிக மெதுவாகச் செய்து பார்க்கையில், படத்தில் விளங்காதது விளங்கத் தொடங்கும்.

வேகத்தைக் கூட்டும் ஆசையே இங்கு ஆபத்து. மெதுவான பயிற்சிக்கும் வாட்போர் முகமூடி கட்டாயம். மரவாளின் நுனியும் கண்ணைக் கெடுக்கும். சாதாரண முகமூடி பின்தலையை மறைப்பதில்லை. விளையாட்டு வாட்போருக்கான மெல்லிய கையுறையும் எஃகு வாளின் அடியிலிருந்து விரலைக் காக்காது. தொண்டைக்காப்பு, தடித்த கையுறை, திணிப்புடைய மேலங்கி ஆகியவை சேரும்வரை முழுவேக மோதலைத் தள்ளிப்போட வேண்டும். இவற்றுக்குச் செலவு அதிகம் என்பதால், வாள் வாங்கும் பணத்தில் முதலில் முகமூடி வாங்குவதே முறை.

ஆண்டுக்கு ஓரிரு முறை தொலைவிலுள்ள பயிலரங்குக்குச் சென்றுவருபவர்களும் உண்டு. கால்வைப்பும் வெட்டும் ஏற்கெனவே படிந்தவர், அங்கு கிடைக்கும் இரண்டு நாளையும் எதிராளியோடு வாள் கோப்பதற்கே செலவிடலாம்.