உங்களுக்குத் தெரியுமா? கோடியக்கரையில் ஒதுங்கிய மூட்டை

● கோடியக்கரை முனையிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரை 60 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வேதாரண்யத்துக்காரர் தஞ்சாவூர் போய்ச் சேர வேண்டுமானால் அதைவிடக் கூடுதல் தூரம் போக வேண்டும். ‘பொன்னியின் செல்வ’னில் பூங்குழலி வந்தியத்தேவனைப் படகில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுபோனது இந்தக் கரையிலிருந்துதான். உறவு, வணிகம், திருமணம், அகதி வாழ்க்கை என்று எல்லாவற்றையும் கண்ட கடல் இது. இப்போது இருட்டில் கஞ்சா மூட்டைகளையும் சுமக்கிறது.

● யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் சொல் ‘கேரள கஞ்சா’. இந்தியாவிலிருந்து கடல் வழியே வருவதற்கெல்லாம் அங்கே அதுதான் பெயர். இடுக்கி மலைச் சரக்குக்கு ஒரு காலத்தில் இருந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் இந்தக் கரையில் பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி விளைவது ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளில். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியிலும் காரிலும் வந்துதான் நம் ஊர்ப் படகில் ஏறுகிறது.

● அந்த மலைகளில் அதைப் பயிரிடுகிறவர்கள் பெரும்பாலும் பழங்குடி விவசாயிகள். ‘சீலாவதி’ என்பது அங்கே பேர் பெற்ற ரகம். விதையும் முன்பணமும் வெளியூர் வியாபாரி கொடுப்பான். விளைந்ததை அவனிடமே, அவன் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். நம் பக்கத்தில் நெல்லின் மேல் முன்கடன் வாங்கி மாட்டிக்கொண்ட குத்தகைக்காரரின் கதைதான். கூடுதலாகச் சிறைப் பயமும் உண்டு. 2021 இறுதியில் ஆந்திரக் காவல்துறை ‘பரிவர்த்தனா’ என்ற பெயரில் இறங்கி, 7,500 ஏக்கருக்கு மேல் கஞ்சாத் தோட்டங்களை அழித்தது. 2022 பிப்ரவரி 12 அன்று அனகாப்பள்ளி அருகே 2 லட்சம் கிலோ கஞ்சாவுக்குத் தீ வைக்கப்பட்டது. தோட்டத்தை வெட்டுவது ஒரு வாரத்து வேலை. அந்த மலையில் காப்பியோ மஞ்சளோ போட்டுக் கையில் காசு பார்க்கச் சில வருடங்களாவது ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும் என்ற கேள்விக்கு, சென்னையில் பொட்டலம் பிரிப்பவரும் ஒரு பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

● வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரைகளில் சில நாள் காலையில் கஞ்சாப் பண்டல்கள் கரை ஒதுங்கிக் கிடக்கும். ரோந்துப் படகின் வெளிச்சம் தெரிந்ததும் கடலில் தள்ளிவிடப்பட்டவை. அப்படி ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளை உரச்சாக்கு, ஒரு பக்கம் பாசி படிந்து வழுவழுவென்று இருந்தது. கிழிந்த இடத்தில் உள்ளே இருந்த பொட்டலங்கள் தெரிந்தன. செங்கல்லைப் போல அழுத்தி, பாலிதீன் சுற்றி, அதன்மேல் பழுப்பு டேப்பை ஓர் இடைவெளி விடாமல் ஒட்டியிருந்தார்கள். ஒன்று இரண்டு கிலோ இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. என் கண் நின்றது சாக்கின் வாயில்தான். நைலான் கயிற்றால் கட்டியிருந்த முடிச்சு, வலை முடிகிறவர்கள் போடும் முடிச்சு. பக்கத்தில் நின்ற பெரியவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, “நம்ம புள்ளைவோ கட்டுன கட்டுதான் தம்பி” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

● கோடியக்கரையில் மீன்பிடி சீசன் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. மற்ற ஊர்களிலிருந்தும் மீனவர்கள் வந்து கொட்டகை போட்டுத் தங்குவார்கள். சீசன் முடிந்தால் கையிருப்பும் முடியும். என்ஜின் கடன், வலைக் கடன், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து நெருக்கும் அந்த மாதங்களில்தான் ‘ஒரே ஒரு நடை’ என்று ஆள் வந்து கேட்பான். பாதிக் கடலில் இலங்கைப் படகு காத்திருக்கும், மூட்டையை மாற்றிவிட்டு விடியுமுன் திரும்பிவிடலாம் என்பான். திரும்பி வரும்போது தங்கம் வந்த வழக்குகளும் உண்டு. சரக்கின் சொந்தக்காரன் யார் என்று படகு ஓட்டுகிறவனுக்குப் பல சமயம் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

● அந்த ஒரு நடைக்குச் சட்டம் வைத்திருக்கும் கணக்கு: 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா 1 கிலோவுக்குள் இருந்தால் சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். அபராதம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. கூலிக்கு ஓட்டியவனுக்கும் இதுவே. 37-ஆம் பிரிவின்படி, ‘இவர் குற்றவாளியல்ல என்று நம்ப நியாயமான காரணம் உண்டு’ என்று நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன். 60-ஆம் பிரிவு படகையும் பறிமுதல் செய்யச் சொல்கிறது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று படகுக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். அண்ணன் பெயரில் இருக்கும் படகைத் தம்பி ஓட்டிப் போய்ப் பிடிபட்டால், இரண்டு வீட்டிலும் அடுப்பு அணையும்.

● இந்தச் சட்டம் வருவதற்கு முன்பு நடப்பில் இருந்தது 1930-ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டம். அதில் முதல் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனையே 3 ஆண்டுதான். இலங்கையின் சட்டம் 1929-இல் பிறந்தது. இரு கரைகளுக்கும் வெள்ளைக்காரன் ஓராண்டு இடைவெளியில் சட்டம் எழுதியிருக்கிறான். அதே 1930-இல்தான் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார். அவரே 1937-இல் சென்னை மாகாணப் பிரதமராகி, அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார்.

● இலங்கையில் 2 கிராம் ஹெராயினுக்கு மேல் வைத்திருந்தால் மரண தண்டனை விதிக்கலாம். 2022-இல் ‘ஐஸ்’ எனப்படும் மெத்தாம்பெட்டமைனையும் சேர்த்தார்கள். அதற்கு 5 கிராம். ஆனால் 1976-க்குப் பிறகு அங்கே எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் பெரிய வேட்டை தொடங்கி, பல்லாயிரம் பேர் பிடிபட்டார்கள். ஆட்களை நடத்திய விதத்தைப் பார்த்து, அதை நிறுத்தி வைத்து மறுபரிசீலனை செய்யும்படி ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள் 2024 ஜனவரியில் கேட்டுக்கொண்டார்கள். போரில் பிள்ளைகளை இழந்த வடக்கு மாகாணத்துத் தாய்மார், மிஞ்சியிருக்கும் பிள்ளைகளை இப்போது ஐஸுக்கும் தூளுக்கும் பறிகொடுக்கிறார்கள். அவர்களும் நம் மொழியில்தான் அழுகிறார்கள். நம் கரையிலிருந்து போகும் ஒவ்வொரு மூட்டையையும் நான் இந்த நினைப்போடுதான் பார்க்கிறேன்.

● போதை வரும் வழியில் துப்பாக்கியும் வரும். 2021 மார்ச்சில் லட்சத்தீவின் மினிக்காய்க்கு அருகே இலங்கை மீன்பிடிப் படகு ஒன்றை இந்தியக் கடலோரக் காவல்படை மடக்கியது. உள்ளே 300 கிலோ ஹெராயின், கூடவே ஐந்து ஏ.கே. 47, ஆயிரம் தோட்டா.

● சத்துமாவும் தேங்காய்ப் பொடியும்கூட மறைப்பாகும். 2024 பிப்ரவரியில் டெல்லியில் பிடிபட்ட 50 கிலோ சூடோஎபெட்ரின் அப்படித்தான் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகவிருந்தது. சளி மருந்தில் சேரும் இந்த வேதிப்பொருளிலிருந்துதான் ஐஸ் காய்ச்சுகிறார்கள். அந்த வழக்கு தமிழ்நாடு வரை நீண்டது.

● நம் ஊர் இளைஞர்களிடம் கஞ்சாவுக்கு அடுத்தபடி பரவியிருப்பது வலி மாத்திரை. அறுவை சிகிச்சை செய்தவருக்கும் புற்றுநோயாளிக்கும் மருத்துவர் எழுதித் தரும் டபென்டடால் போன்றவற்றைச் சீட்டில்லாமல் வாங்கி, கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையில் மருந்து கொஞ்சம், மீதி மாவுப் பொருள்தான். அது வயிற்றுக்காகச் செய்தது. இரத்தக் குழாயில் போனால் அடைக்கும், நுரையீரலில் தங்கும், கை அழுகும் அளவுக்குக்கூடக் கொண்டுபோகும். ஓர் ஊசியை நாலு பேர் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் கூடவே வரும். இந்தியாவில் ஊசி வழியே போதை ஏற்றுபவர்கள் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர் என்று 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு கணக்கிட்டது.

● அதே ஆய்வில், கஞ்சா, பாங்கு போன்றவற்றைப் பயன்படுத்துவோர் நாடு முழுக்க 3.1 கோடி. மது அருந்துவோர் 16 கோடி. தடைசெய்யப்பட்ட போதைக்கு அடிமையானவர்களில் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 20 பேரில் ஒருவர்தான்.

● “கஞ்சா பழக்கமாகாது, அது மூலிகை” என்று கல்லூரிப் பையன்கள் அடித்துச் சொல்வார்கள். பழக்கமாகும். நிறுத்தினால் தூக்கம் வராது, சோறு இறங்காது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வரும். மூளை முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயதாகிறது. அதற்கு முன் தினமும் இழுப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது. காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று பிள்ளை சொல்லத் தொடங்கினால், பேய் பிடித்தது என்று நாள் கடத்தாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

● சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கியபோது, குடியும் போதையும் ஒழுக்கக்கேடு என்பதே பொதுப் பேச்சு. கணவரைக் குடியால் இழந்தவர் அவர். அடிமைப்படுதலை நோயாகப் பார்த்து, குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசும் முறையை அங்கே வளர்த்தார்.

● நம்மில் பலருக்குத் தெரியாத, அவசியம் தெரிய வேண்டிய ஒன்று: போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்திய குற்றமோ சிறிய அளவு வைத்திருந்த குற்றமோ சாட்டப்பட்டிருந்தாலும், அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் அவர்மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். கடத்தியவருக்கும் விற்றவருக்கும் இது பொருந்தாது.

வேதாரண்யம் பக்கத்து உப்பளத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, போலீசுக்குப் பயந்து மகனை மூன்று நாளாக வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். அவரிடம் இந்தப் பிரிவைப் பற்றிச் சொன்னேன். நம்பாமல் இரண்டு முறை கேட்டார். பிறகு தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். ‘64-ஏ’ என்று எழுதி, அதன்கீழ் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ஐயும் எழுதிக் கொடுத்தேன். நாலாய் மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, பூட்டின் சாவியைத் தேடிப் போனார்.