மேலேறும் இரைப்பை

உடற்பருமனால் அவதியுறுவோரின் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி நீக்கி, எஞ்சியதை ஒரு வாழைப்பழத்தின் வடிவில் ஒடுங்கிய குழாயாக்கிவிடும் ‘ஸ்லீவ்’ சிகிச்சை, முதலில் வேறொரு பெரிய அறுவையின் அங்கமாகவே செய்யப்பட்டு, அதனாலேயே எடை போதுமான அளவு குறைவதைக் கண்ட பிறகு, தனிச் சிகிச்சையாக உலகெங்கும் பரவியது. எடை குறைவது மெய்தான்; ஆயினும் சிலருக்கு அதன் பின்னரே நெஞ்செரிச்சல் ஆரம்பமாகிறது.

உதரவிதானத்தின் துவாரம் வழியே உணவுக்குழாய் இறங்கி இரைப்பையைச் சேருமிடத்தில், ஒரு சாய்ந்த கோணமும் சுருங்கி நிற்கும் தசையும் அமிலம் மேலேறாதபடி காக்கின்றன. இரைப்பையின் மேற்பகுதி நீங்கும்போது அக்கோணம் மழுங்குகிறது. விரிந்துகொடுக்கும் பையின் ஸ்தானத்தில் விறைத்த குழாய் நிற்பதால் உள்ளழுத்தம் மிகுகிறது. பக்கத்துப் பிணைப்புகள் அறுபட்டு, உடல் மெலிய மெலியத் துவாரத்தருகே இருந்த கொழுப்பும் கரைந்துபோக, பிடிமானமற்ற அக்குழாய் நெஞ்சுக்கூட்டினுள் வழுக்கி ஏறிவிடுவதும் உண்டு.

அமிலம் மேலேறுவதைத் தடுக்க அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிஸ்ஸென் 1955-இல் கையாண்ட பிரசித்தமான முறையோ, இரைப்பையின் மேற்பகுதியையே உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைப்பது. இங்கே மடிப்பதற்குரிய பாகம்தான் முன்பே குப்பைக்குப் போய்விட்டதே! துவாரத்தை மட்டும் தைத்து ஒடுக்கினால், குழாய் நாளடைவில் மீண்டும் மேலே நழுவக்கூடும்.

ஆகவே வேறொரு கட்டுப்பொருள் வேண்டியதாயிற்று. அது நோயாளியின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. கருவிலிருந்தபோது நஞ்சுக்கொடியிலிருந்து இரத்தம் கொண்டுவந்த தொப்புள் சிரை, பிறந்தபின் வற்றி, தொப்புளுக்கும் ஈரலுக்கும் இடையே ஒரு வட்ட நாராக நிலைத்துவிடுகிறது. அதைத் தொப்புள் பக்கத்தில் அறுத்து, ஈரல் பக்கத்து இரத்த ஓட்டம் கெடாமல், உணவுக்குழாயின் பின்புறமாக வளைத்துக் கொணர்ந்து இரைப்பையோடு தைத்துக் கீழே நிறுத்திவிடுகிறார்கள். ஸ்லீவ் பிறக்குமுன்பே, 1960-களில், உதரவிதானத் துவாரம் வழியே இரைப்பை மேலேறுவதைத் தடுக்கச் செய்யப்பட்ட பழைய உபாயம் இது. இன்று புத்துயிர் பெற்றிருக்கிறது.

அதற்கும் நெஞ்செரிச்சல் அடங்காவிடில், மேலே ஒரு சிறு பையை மட்டும் விட்டு, அதனுடன் சிறுகுடலை நேரே இணைக்கும் பைபாஸ் முறைக்கு மாற்றுவார்கள். அமிலம் சுரக்கும் பாகம் பெரும்பாலும் ஒதுங்கிவிடுவதாலும், பித்தநீர் வெகு தூரம் கீழே வந்து கலப்பதாலும், மேலேறி வருவதற்கு அதிகம் எதுவும் இருப்பதில்லை. கடுமையான நெஞ்செரிச்சல் முன்பே உள்ளவர்களுக்கு ஆரம்பத்திலேயே பைபாஸைத் தேர்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். எனவே எடைக்காகக் கத்தியை நாடும் வாசகர்கள், முன்னதாகவே எண்டோஸ்கோப்பி செய்து துவாரம் அகன்றிருக்கிறதா என்று அறிந்துகொள்ளவும், பிற்பாடு எரிச்சல் இல்லாவிட்டாலும் மருத்துவர் குறிக்கும் பரிசோதனையைத் தவறவிடாதிருக்கவும் வேண்டுகிறேன்.