வீட்டைக் காப்பாற்றிய ஹோட்டல்

எங்கள் சபரகமுவ மண் இரத்தினக்கற்களுக்குப் பெயர் பெற்றது. காலித் துறைமுகத்தில் நீராவிக் கப்பல்கள் தரித்த காலத்தில், அவற்றில் வந்த பயணிகளுக்கு இலங்கைக் கற்களை விற்றவர்களுள் முஸ்லிம் வணிகர்கள் பலர் இருந்தனர். காலிக் கோட்டையின் சேர்ச் வீதியில் உள்ள 28ஆம் இலக்க வீடும் ஒரு காலத்தில் இரத்தினக்கல் வணிகரின் மாளிகையாகவே இருந்தது.

1875இல் கொழும்பில் அலைதடுப்பு அணை கட்டத் தொடங்கிய பின்னர் கப்பல்கள் மெல்ல மெல்ல அங்கே திரும்பின. காலியின் வணிகம் குறைந்தது. பெரிய வீடுகளைப் பராமரிப்பது சுமையானது. பாழடைந்துபோன அந்த மாளிகையைக் கார்ல் ஸ்டைன்பேர்க், கிறிஸ்டோபர் ஒங் ஆகிய இருவர் திருத்தி, 'கோல் ஃபோர்ட் ஹோட்டல்' என்ற சிறிய ஹோட்டலாக மாற்றினர். 2007இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது.

பழைய வீட்டைத் திருத்துவது புதிய வீடு கட்டுவது போன்றதல்ல. கோட்டையின் பழைய சுவர்களில் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் உண்டு. அவை ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளியே விடும். அவற்றின்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சு உரிந்து விழும். ஆகவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பொருத்தம். நடுமுற்றத்தை மூடாமல் விடுவதும் அவசியம். சூடான காற்று அதன் வழியே மேலெழ, விறாந்தை குளிர்ச்சியாக இருக்கும்.

இந்தச் செலவை வாடகைப் பணம் தாங்குகிறது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. கோட்டையில் வீடுகளின் விலை ஏறியதால், தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பல விற்றுவிட்டு வெளியேறின. 1988 முதல் கோட்டை உலக மரபுரிமைத் தலம். சுவர்களைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அயலவர்களைக் காக்கச் சட்டம் இல்லை.

எங்கள் மூத்தவாப்பாவின் ஓட்டு வீட்டை இடித்துக் கடைத்தொகுதி கட்டலாமா என்று இப்போது குடும்பத்தில் பேச்சு நடக்கிறது. எல்லா வீடும் ஹோட்டலாக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. முன்பக்கம் கடையாகவும் பின்பக்கம் முற்றத்தோடு வீடாகவும் இருக்கலாம் என்பது என் கருத்து.

பெற்றோரே, பழைய வீட்டை இடிக்க முடிவெடுக்கும் முன், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு மேசன் பாஸை அழைத்துக் காட்டுங்கள். இடித்துக் கட்டும் செலவை மட்டுமன்றி, திருத்தும் செலவையும் கேளுங்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.