ஏழுமலையை எந்த எழுத்தில் தேடுவது?

‘ஜில்லா: தென்னார்க்காடு, தாலுகா: விருத்தாசலம்’ என்று எழுதிய ஒரு பழைய தாளின் நகலோட, டர்பன்ல இருந்து ஒருத்தர் மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாப்புல வந்து இறங்குறார்னு வெச்சுக்கோங்க. அவரோட கொள்ளுத்தாத்தா ஆறு வயசுல அம்மா அப்பாவோட கப்பல் ஏறினவர். தாளில் ஒரு கிராமத்துப் பேரும் இருக்கு. அது எங்கேன்னு கேட்கிறார். உங்களால வழி சொல்ல முடியுமா?

இந்த மாதிரித் தேடல்ல உலகத்துக்கே தெரிஞ்ச கதை பிரிட்டன் குழந்தைகளோடது. காப்பகங்களில் இருந்த பிள்ளைகளைக் கப்பல் கப்பலாகக் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பினார்கள். பெற்றவங்க உயிரோட இருந்தும் ‘செத்துட்டாங்க’ன்னு சொல்லி வளர்க்கப்பட்டவங்க அதில் நிறைய பேர். 1986-ல் நாட்டிங்காம் நகரத்து சமூகப் பணியாளர் மார்கரெட் ஹம்ப்ரீஸுக்கு, அப்படி அனுப்பப்பட்ட ஒரு பெண் ஆஸ்திரேலியாவில் இருந்து கடிதம் எழுதினார். அடுத்த வருஷமே அவர் சைல்ட் மைக்ரன்ட்ஸ் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். பிறப்பு, திருமணப் பதிவேடுகளைப் புரட்டிப் புரட்டித்தான் தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைத்தார். கடைசியில் 2009 நவம்பர் 16 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார்.

அதே நவம்பர் 16, ஆனால் 1860. சென்னையில் இருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோட டர்பன் துறைமுகத்தில் நின்ற நாள். தேதி ஒத்துப்போறது தற்செயல்தான். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாப் போன முதல் கூட்டம் அது. 1911 வரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல போனாங்க. பெரும்பாலும் சென்னைத் துறைமுகம் வழியாத்தான். அதில் குழந்தைகளும் உண்டு. பிரிட்டன் பிள்ளைகளை மாதிரி தனியா அனுப்பப்படலை, பெத்தவங்களோட போனாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரலை. ஆனா பேரப்பிள்ளைங்க இன்னைக்குக் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: நாங்க யாரோட ஆட்கள்?

டி.பி.எம்.எஸ். படிச்சவங்களுக்கு இந்த இடம் பிடிக்கும். நேட்டாலில் இறங்கின ஒவ்வொருத்தருக்கும் வரிசையா ஓர் எண் கொடுத்தாங்க. காலனி எண்ணுன்னு பேரு. அசல் ப்ரைமரி கீ! கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராப் பெயர், அப்பா பெயர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கிற தழும்பு, மச்சம் எல்லாம் இருக்கும். குடும்பத்துப் பழைய திருமணச் சான்றிதழிலோ வேற காகிதத்திலோ அந்த எண் கிடைச்சா, நேராப் பட்டியலில் போய் நிக்கலாம். மனுஷனை மாட்டு மந்தை மாதிரி எண்ணி வெச்ச கணக்குதான். அதுவே இன்னைக்கு உதவுது, குறிப்பா ஓ.சி.ஐ. அட்டைக்கு. கொள்ளுத்தாத்தா இந்த மண்ணில் இருந்து போனவர்னு காட்ட அந்தப் பட்டியல்தான் ஆதாரம்.

எண் இல்லைன்னா பேரை வெச்சுத் தேடணும். தலைவலி அங்கே ஆரம்பம். தமிழ்ப் பேரைக் காதால கேட்டு இங்கிலீஷில் எழுதினது யாரோ ஒரு குமாஸ்தா. நம்ம பக்கம் தெருவுக்கு ஒருத்தர் இருக்கிற ‘ஏழுமலை’யையே எடுத்துக்கோங்க. ழவுக்கு ‘எல்’ போடலாம், ‘இசட்–ஹெச்’ போடலாம். முதல் எழுத்து ‘ஈ’யாவும் இருக்கலாம், ‘ஒய்’யாவும் இருக்கலாம். ஒரே மாதிரி ஒலிக்கிற பேர்களைச் சேர்க்க ‘சவுண்டெக்ஸ்’னு ஒரு முறை உண்டு. 1918-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினது. முதல் எழுத்தை அப்படியே வெச்சு, மத்த மெய்யெழுத்துகளுக்கு எண் போடும். கையால போட்டுப் பாருங்க: ‘எல்’ போட்ட ஏழுமலை ஈ454, ‘இசட்–ஹெச்’ போட்டவர் ஈ254, ‘ஒய்’யில் ஆரம்பிச்சவர் ஒய்454. ஒரே ஆள், மூணு பேர்! கோவிந்தனுக்கு ‘ஜி’யா ‘கே’யான்னு இன்னொரு தகராறு. இங்கிலீஷ் காதுக்குச் செய்த கருவி நம்ம பேருக்கு எப்படிப் பொருந்தும்? ழ–ல–ய, க–ஜி, ப–பி குழப்பத்தையெல்லாம் தெரிஞ்ச ஒரு பொருத்தும் நிரலை எழுதுறது ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தாராளமாத் தாங்கும். (வருஷா வருஷம் வர்ற அட்டெண்டன்ஸ் ஆப்பை விட்டுடலாம்.)

அங்கே போன பட்டப்பேர்களும் உருமாறின. முதலியார் ‘மூட்லி’ ஆனார். படையாச்சி மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நிக்குது. டர்பன் பெயர்ப் பலகையில் அதைப் பார்த்தா நம்ம ஊர்க்காரனுக்குப் பொறி தட்டும். ஆனா பட்டப்பேரை வெச்சு ஊரைப் பிடிக்க முடியாது.

ஊரைப் பிடிக்க ஊர் இருக்கணுமே? தென்னார்க்காடு ஜில்லாவே 1993-ல் கடலூர், விழுப்புரம்னு பிரிஞ்சு போச்சு. தாலுகா எல்லைகளும் மாறின. நெய்வேலியைச் சுத்தி இன்னும் ஒரு சிக்கல். 1956-ல் நிலக்கரி நிறுவனம் வந்த பிறகு சுரங்கத்துக்காக ஊர் ஊராக் காலி பண்ணி வேற இடத்துக்குப் போனாங்க. கப்பல் பட்டியலில் இருக்கிற ஒரு பேருக்கு இன்னைக்கு கூகுள் மேப்பில் பெரிய பள்ளம் மட்டும் தெரியலாம். அந்த டர்பன்காரர் அதோட திரும்பிப் போக வேண்டியதுதானா?

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய காகிதங்கள் இருக்கு. ஆனா ஊர் எங்கே பெயர்ந்து போச்சு, எந்தக் கொட்டாய் எந்த ஊரோட சேர்ந்தது, குலதெய்வம் கோயிலை எங்கே மாத்திக் கட்டினாங்க — இது நம்ம வீட்டுத் தாத்தா பாட்டிங்க தலையில்தான் இருக்கு. பழைய ஊர்ப் பேர், அதைப் பேச்சில் சொல்ற விதம், இப்போ இருக்கிற இடம், குலதெய்வம், போன வருஷம்: அஞ்சு காலம் வெச்சு ஒரு ஷீட் போதும். பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போறப்போ ஆரம்பிக்கலாம். ஊர்ப் பேரை மட்டும் அவங்க சொல்ற மாதிரியே போனில் ரெக்கார்டு பண்ணிக்கோங்க. அந்தக் குமாஸ்தா காதில் விழுந்ததும் அந்த ஒலிதானே.